இரண்டாவது ஜனாதிபதியின் மற்றப் பாதி

என் அகதி விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. பள்ளிக்கூட ரீச்சரிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தார் லோயர். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் என் மனுசனும் நாலு வயது மகளும் காத்திருந்தார்கள். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

அந்த நேரம் பார்த்தா ரீச்சர் என் கட்டுரையைத் திருப்பித் தரவேண்டும்!

கனடாவின் ஸ்காபரோவில், வயதுவந்த ஆட்கள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் என் தலையில் விழுந்தவர் அந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. ஊரில் 'நான் விரும்பும் பெரியார்' எழுதிப் பழகிய கை என்னுடையது. பிறப்பு, கல்வி, தொண்டு, கடைசியில் 'அன்னார் வழி நடப்போமாக'. இளம் வயதில் சட்டத்தரணியாக இருந்தபோது, சனங்களைச் சுட்ட பிரித்தானியச் சிப்பாய்களுக்காகவும் கோட்டில் வாதாடிய நேர்மையாளர் என்று புகழை அள்ளி வைத்திருந்தேன். ரீச்சர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "மற்றப் பாதி எங்கே?" நாளைக்கு வகுப்பில் எழுந்து சொல்லவேண்டுமாம்.

மற்றப் பாதி எனக்குத் தெரியாதா என்ன? புத்தகத்தில் பென்சிலால் கோடு கீறியே வைத்திருந்தேன். ஜனாதிபதியான பிறகு, வெளிநாட்டாரைத் தன் விருப்பப்படி நாடு கடத்தும் சட்டத்தில் அவர் கையெழுத்து வைத்தார். அரசாங்கத்தைத் தாக்கி எழுதிய பத்திரிகைக்காரரைப் பிடித்து மறியலில் அடைத்த சட்டத்திலும் வைத்தார். ஆனால் எங்கள் ரீச்சர் அமெரிக்காவில் பிறந்தவர்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் அண்ணை. அவர் வீட்டில்தான் இருந்தேன். "ரீச்சரின்ர ஜனாதிபதியைப் பழிச்சுப்போட்டு, அவவிட்டையே கடிதம் கேக்கப் போறியோ? புகழ்ந்துபோட்டு வா."

"ஓம் அண்ணை" என்றேன்.

மறுநாள் எழுந்து, அப்படியே ஒப்புவித்தேன். ரீச்சர் விடவில்லை. "ஒரு பிழையும் விடாத மனிதரா?" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நாசமாய்ப்போன பயம்! தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு சட்டத்தையும் போட்டு உடைத்தேன். அதோடு நின்றேனா? என் மனுசனையும் பேப்பரில் எழுதியதற்காகத்தான் பிடித்தார்கள், வெளியே வந்தபோது வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"உங்கட ஜனாதிபதி. நீங்க கோவிச்சால் கடிதம் தரமாட்டீங்கள் எண்டு பயந்தன்." இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை ரீச்சர் ஒட்டிய உறை ஒன்றைத் தந்தார். இரவு முழுக்க அதைத் திறப்பதா விடுவதா என்று செத்துப் பிழைத்தேன்.

விசாரணையில் அதிகாரி அதைப் பிரித்து உரக்க வாசித்தார். "முதலில் எனக்குப் பயந்து புகழ்ந்தார். பிறகு, பயம் போகாமலே உண்மையைச் சொன்னார். இவர் சொல்வதை நான் நம்புகிறேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "உங்கள் ஊரில் இப்படி எழுந்து சொல்லியிருந்தால்?"

என் மனுசனின் கையைப் பாருங்கோ என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் கை கொழும்பில் இருந்தது. அழுதுவிட்டேன்.

அடுத்த வருசம் எயாப்போட்டில் இரண்டு பேரும் கதவைத் தாண்டி வந்தார்கள். மடங்காத அந்த மூன்று விரலையும் மகள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.