பருப்பு வேகாத தண்ணீர்

2002 ஆடியில் தொடங்கி, அடுத்து வந்த தை மாதத்தில் முடிந்த விஷயம் இது. திருவண்ணாமலையில் போளூர் சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது; கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். இதில் வரும் நேரங்களும் எண்ணிக்கைகளும் அந்த நோட்டில் இருப்பவை.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் அவளுடைய படிப்பு மேசை இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டேன். என் கணவர் சிரித்தார்.

"நம்ம ஊரு உப்புத் தண்ணில மீனா? மூணு நாள் தாங்குமா?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். போர் தண்ணீரை நாங்கள் உப்புத் தண்ணி என்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் நகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே அது. குடத்தில் பிடித்து மூடி வைத்துவிட்டால், வேறு காரியத்துக்கு அதில் ஒரு டம்ளர்கூட எடுக்க முடியாது. வீட்டில் சண்டை வந்துவிடும்.

பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த மீன் கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

"கோல்டு ஃபிஷ் எட்டு, கறுப்பு ஒண்ணு வாங்கிக்குங்க மேடம். வாஸ்துக்கு வாஸ்துவும் ஆச்சு. ஆனா நல்ல தண்ணி ஊத்தணும். உப்புத் தண்ணில எதுவும் நிக்காது. செத்தா எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது, ஆமா."

எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருடமாக அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறேன், துவைக்கிறேன், செடி வளர்க்கிறேன். அதில் ஓர் உயிர்கூட வாழாதா? வாழும் மீனைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினேன்.

அடுத்த வாரம் ஓர் உறவினர் திருமணத்துக்குச் சென்னை போனபோது, குளத்தூரில் மீன் விற்கும் தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு கடையாக என் கேள்வியைக் கேட்டேன். ஏழாவது கடையில் இருந்த பெண் மட்டும் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஊர் தண்ணில பருப்பு வேகுமா?"

"வேகவே வேகாது."

"அப்ப யோசிக்காதீங்க. இத எடுத்துட்டுப் போங்க."

அவர் காட்டிய தொட்டியில் விரல் நீளத்தில் மஞ்சள் மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்கன் சிக்லிட் என்றார். அங்கே ஒரு பெரிய ஏரியில், கல்லும் பாறையுமான இடத்தில் இருப்பவையாம். அந்தத் தண்ணீரிலும் பருப்பு வேகாதாம். "சண்டைக்காரக் கழுதைங்க. ஒளிஞ்சிக்கக் கல்லு நெறையப் போட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஊரே பழிக்கிற தண்ணீரைக் கேட்டு வாங்குகிற ஒரு மீன்! ஆறு வாங்கிக்கொண்டேன்.

மூன்றடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு கருங்கற்கள், மூன்று முறை தேய்த்துக் கழுவியவை. முழுக்க முழுக்க போர் தண்ணீர். மூன்று நாள் போயிற்று, மூன்று மாதமும் போயிற்று. ஆறும் இருந்தன. பார்க்க வருகிறவர்களிடம் என் கணவர், "இவளுக்கு ஏத்த மீனுங்க. ஒண்ணு சொன்னா ஒண்ணு கேக்காது" என்பார்.

மார்கழி பாதியில், ஆறில் சிறியதாக இருந்த மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. தீனி போட்டால் மற்றவை பாய்ந்து வரும். அது கல்லின் பின்னாலிருந்து வெளியே வராது. நான்காம் நாள் பார்த்தபோது தாடை வீங்கியிருந்தது. நாட்குறிப்பில் 'வாயில் கட்டி' என்று எழுதினேன். பத்தாம் நாள், மனசு கேட்காமல் உள்ளூர்க் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"உப்பு ஏறிடுச்சு மேடம். நான் அப்பவே சொன்னனா இல்லையா? எடுத்துத் தூரப் போடுங்க, இல்லாங்காட்டி மத்ததுக்கும் ஒட்டிக்கும். மிச்சத்தையாச்சும் நல்ல தண்ணில வுடுங்க."

"மூச்சு விடுதுங்க. விடுற வரைக்கும் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்தான் வீறாப்பாகப் பேசியது. வீட்டுக்கு வந்து, என் பிடிவாதத்துக்கு ஒரு வாயில்லாப் பிராணியைப் பலி கொடுக்கிறேனோ என்று இரண்டு பக்கம் எழுதினேன். கடைக்காரர் சொன்னதைக் கணவரிடமும் சொல்லியிருந்தேன். அதுதான் நான் செய்த தவறு.

பதினெட்டாம் நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி 7.10. அடுக்களையில் நான்கு குடங்களும் காலியாகக் கவிழ்ந்திருந்தன. தொட்டியில் ஐந்து மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின் மருந்தின் வாசனை கூடத்திலேயே அடித்தது.

"இன்னாங்க பண்ணீங்க?"

"பாதித் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்துனேன். நாலு குடம். இப்பதான் குழாயில வந்துது, ஃப்ரெஷ்ஷா."

"நாம குடிக்கிறதுக்கு?"

"நமக்கு இன்னா, பக்கத்து வீட்ல ஒரு சொம்பு கேட்டுக்கலாம். அது பட்டினியா கெடக்குதேம்மா."

திட்ட வாய் வரவில்லை. தனக்கே இல்லாமல் எடுத்து ஊற்றியிருக்கிறார். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மோட்டாரைப் போட்டேன். அவர் இன்னும் கலங்கிப்போய், "மறுபடி உப்புத் தண்ணியா? செத்துடும்டி" என்றார். "செத்தா என் கையால சாவட்டும். பக்கெட்ட நீட்டுங்க" என்றேன். அந்தத் தண்ணீரை மொண்டு கொட்டி, போர் தண்ணீரைச் செம்பு செம்பாக விட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்தச் சிறிய மீன் கல்லை விட்டு வெளியே வந்து, தள்ளாடியபடி வாயைத் திறந்தது. உள்ளிருந்து ஏதோ ஒன்று விழுந்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரியது; மஞ்சளாக ஒரு பை, இரண்டு கறுப்புக் கண்கள், ஒரு வால். வால் அசைந்தது. அடுத்த நொடி பெரிய மீன் ஒன்று அதை விழுங்கிவிட்டது.

கட்டி இல்லை. குஞ்சுகள். பதினெட்டு நாளாக ஒரு வாய் தீனி எடுக்காமல், அத்தனையையும் வாய்க்குள் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் அதை நோய் என்றோம். தூக்கி எறியச் சொன்னார்கள். நானும் என் நோட்டில் கட்டி என்றுதானே எழுதினேன்!

பெரிய பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரோடு அதை அலுங்காமல் மொண்டு, தொட்டியின் மூலையில் கட்டிய வடிகூடைக்குள் விட்டேன். மொள்வதற்குள் இன்னும் ஒன்றைத் துப்பியது, அதையும் மற்றவை விழுங்கிவிட்டன. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டது. 8.40க்கு மற்ற ஐந்தும் கீழே இறங்கின. என் கணவர் வெறும் பக்கெட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "பிரசவ வார்டுல மருந்து ஊத்திட்டனே" என்றார். சிரிப்பும் அழுகையுமாக எனக்கு வந்தது.

இருபத்தைந்தாம் நாள் காலை 6.15க்கு வாயைத் திறந்தது. பதினோரு குஞ்சுகள். மூன்று முறை எண்ணினேன்.

செய்தி கேட்டுக் கடைக்காரர் வந்தார். கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"உப்புத் தண்ணிலயா மேடம்?"

"இப்ப அதுல ஒரு சொட்டு நல்ல தண்ணி கெடையாது."

"கடைக்கு ஒரு நாலு குடுங்களேன்."

"மொதல்ல உங்க கடைத் தொட்டில போர் தண்ணி ரொப்புங்க. நான் வந்து பாத்துட்டுத் தர்றேன்" என்றேன். முகம் சுருங்கிப் போனார். ஒரு மாதம் கழித்துத் தொட்டியை நிரப்பிவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

என் மீது பிரியம் உள்ளவர்கள்தான் இன்றைக்கும் என்னிடம் 'உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்' என்கிறார்கள். அந்தப் பிரியத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எனக்கு எது நல்லது என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்களிடமே சொல்ல நல்ல தண்ணியில் தள்ளாடி, உப்புத் தண்ணியில் குஞ்சு வளர்த்த அந்த மீனிடம்தான் கற்றுக்கொண்டேன்.