டெனிஸ் மக்ரோரியின் நாற்பத்தோரு பொய் ரன்கள்

டெனிஸ் மக்ரோரியைக் கெடுத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எவனும் என்னிடம் நியாயம் பேச வரவேண்டாம்.

இரும்பு உலையில் வேலை பார்த்தவனை எங்கள் ஆல்டர்வில் பேஸ்பால் கிளப் பந்து வீசக் கூப்பிட்டது. 1881இல் எங்கள் கிளப்பில் வீசுபவன் ஒருத்தன்தான். வாரம் முழுக்க அவனே வீசவேண்டும். அது அவனுக்கு மூன்றாம் வருஷம். வீசி வீசிக் கை போய், தன் கோட்டுப் பொத்தானைக்கூட அவனால் போட முடியவில்லை; மனைவி ஹானோரா போட்டுவிடுவாள். இரண்டு பேர் மாற்றி மாற்றி வீசும் கிளப்புக்குப் போனால் கை பிழைக்கும் என்று தினமும் நச்சரித்தாள்.

போகத்தான் முடியாது. சீசன் முடிவில் எங்கள் லீக்கில் ஒவ்வொரு கிளப் முதலாளியும் தன் ஆட்களில் ஐந்து பெயர் எழுதிக் கொடுப்பார். அந்த ஐந்து பேரை வேறெந்தக் கிளப்பும் தொடக்கூடாது. எங்கள் முதலாளி, சட்டைக் காலர் ஃபாக்டரி வெல்கர், முதல் பெயராக டெனிஸைத்தான் எழுதுவார்.

நான் கிளப்புக்கு ஸ்கோர் எழுதுபவன். ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டு எதிரி ரன் எடுத்தால் அது ஃபீல்டரின் பிழை. அது நல்ல அடி என்று நான் எழுதிவிட்டால் ரன் வீசியவன் தலையில் விழும். ஜூலையில் ஒருநாள் டெனிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவனுங்க விடுறதையெல்லாம் என் தலையில எழுதுடா, எட்கர். என் கணக்கு நாறிப் போகட்டும். பார்த்துட்டு வெல்கரே தொலைஞ்சு போன்னு விட்டுடுவான்."

எனக்கும் அது பெரிய யோசனையாகப் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். இரண்டு மாதத்தில் நாற்பத்தோரு ரன்களை அவன் தலையில் கட்டினேன். பந்தை விட்டே பழகிய எங்கள் ஓட்டைக்கைப் பிளம்லி பிழையே இல்லாத ஃபீல்டராகி ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிந்தான்.

செப்டம்பர் கடைசியில் லீக் கணக்கு பத்திரிகையில் வந்தது. வீசுபவர்களில் டெனிஸ் கடைசி. மூன்றாம் நாள் வெல்கர் எங்களைக் கூப்பிட்டார். மேசைமேல் பட்டியல் கிடந்தது. முதல் பெயர் டெனிஸ்.

கணக்கைப் பார்க்கவில்லையா என்று கேட்டேவிட்டேன்.

"அதை எவன்யா படிக்கிறான்? தினம் கிரவுண்டுல உட்கார்ந்து பார்க்குறேன், இவன் வீச்சு எனக்குத் தெரியாதா? மத்த ஊர்க்காரங்கதான் பேப்பரைப் பார்த்து ஆள் எடுப்பாங்க." டெனிஸ் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேர் மாத்தி வீசுற ஒரு கிளப்புக்காரங்க, உன்னை விட்டுக்கொடுங்க, பதிலுக்கு ரெண்டு ஆளைத் தர்றோம்னு கெஞ்சிட்டு இருந்தாங்கப்பா. நானும் சரின்னுடலாம்னுதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில தந்தி வந்துச்சு. நீ வேணாமாம்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். டெனிஸ் என் காலை மிதித்தான். பொய் ஸ்கோர் என்று தெரிந்தால் லீக் எங்கள் இருவரையும் ஆயுசுக்கும் தள்ளிவைக்கும். உலைக்குத் திரும்பவோ அவனுக்குக் கை இல்லை. அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காவது இன்னிங்ஸில், அந்தக் கை எழவேயில்லை. அன்று சாயங்காலமே வெல்கர் அவனைக் கிளப்பிலிருந்து விட்டுவிட்டார்.