தனக்காப் பூச்சும் துறைமுகச் சோதனையும்

பர்மாவை விட்டுத் தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிய காலத்தில் நாங்கள் மூவர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம்: அன்னை, நான்கு அகவைத் தங்கை, பள்ளியிறுதி முடித்திருந்த நான். முன்னரே வந்துவிட்ட தந்தை இராயபுரம் கல்மண்டபத்தில் ஓர் அறை பிடித்துவிட்டு, வாயிலுக்கு வெளியே எங்களுக்காகக் காத்திருந்தார்.

இடையில் இருந்தது மருத்துவச் சோதனைக் கொட்டகை. அது நின்ற இடத்தை இன்று காட்டுவார் இல்லை. அம்மை குத்திய தழும்பைப் பார்ப்பார்கள், கண்ணிமையைப் புரட்டுவார்கள், ஐயமுற்றால் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தையே ஆனாலும் தாயை உடன் விடமாட்டார்கள் என்று கப்பலில் ஒரு பேச்சு உலவியது. கரை தெரிந்த காலையில்தான் தங்கையின் கன்னத்திலும் கழுத்திலும் செம்புள்ளிகள் முளைத்திருந்தன.

அன்னை மூட்டையை அவிழ்த்துத் தனக்காக் கட்டையைக் கல்லில் உரைத்து, புள்ளிகள் மறையும்வரை அப்பினார். இரங்கூனில் வெயிலுக்கு இந்த மரப்பட்டைச் சாந்தைப் பூசாத குழந்தை அரிது. யாரும் திரும்பிப் பாரார். சென்னையில் அதை அறிந்தவர் எவர் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

வரிசையில் எங்களைக் கண்டதும் கொட்டகை ஊழியர் உரக்கச் சிரித்தார்.

“இன்னாம்மா இது? பொங்கலுக்கு வூட்டுக்கு அடிக்கிற மாதிரி புள்ள மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிக்கினு வந்துகீறே!”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. மருத்துவர் மற்றவர்களை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

“தொடைங்க.”

“வெயிலுக்குப் பூசினதுங்கய்யா,” என்றார் அன்னை. குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். ஈரத்துணியால் நானே துடைத்தேன். மருத்துவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், சட்டையை உயர்த்தி முதுகை நோக்கினார், நெற்றியில் கை வைத்தார்.

“கப்பல்ல எங்க படுத்திருந்தீங்க?”

“கீழ்த்தட்டுலங்க. காத்தே கிடையாது.”

“வேர்க்குரு. போகலாம்.”

அன்னை நகரவில்லை. சொல் செவியில் விழுந்தும் நெஞ்சுக்கு எட்டவில்லை போலும். ஊழியர்தான் வழிவிட்டார்.

“வேர்க்குருவுக்கா இம்மாம் பேஜாரு? வெளிய போயி நொங்கு வாங்கித் தடவு, சரியாப்பூடும். நடம்மா, உன் பின்னால முழுக்கப்பலும் நின்னுகினு கீது.”

வாயிலில் தந்தை கை நீட்டினார். அன்னை குழந்தையைத் தரவில்லை. கல்மண்டபம்வரை இடுப்பிலிருந்து இறக்கவும் இல்லை. அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பின்னரே தங்கையைத் தரையில் விட்டு, சுவரில் சாய்ந்து, “எல்லாருமா வந்து சேர்ந்துட்டோம்” என்றார்.