குழந்தையை நிறுக்க மறுத்த தராசு

அலுவலகத்தில் அவளைத் தசமம் மேடம் என்பார்கள். சி மொழியில் எழுதிய புரோகிராமைச் சின்னக் கருவிகளுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை விற்கும் அந்த நிறுவனத்தில், அதோடு போகும் கணக்கு விதிகள் அடங்கிய ஹெட்டர் ஃபைலைப் பத்து வருஷமாகக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். கணக்கு சரியாக வரும்வரை யாருக்கும் அவள் நினைவு வராது. பிசகினால் எல்லா விரலும் அவள் நாற்காலியைக் காட்டும்.

அந்த மாதப் புகார், மருத்துவமனைகளுக்குக் குழந்தைத் தராசு செய்யும் வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. கம்பைலரின் புது வெர்ஷனுக்கு மாறியதிலிருந்து, குழந்தையைப் படுக்க வைத்தால் தராசு ‘பிழை’ என்கிறதாம். எடைக்கல் வைத்தால் ஒழுங்காக இருக்கிறதாம்.

“கல்லுக்கு வேலை செய்யுதுல்ல? அப்போ தப்பு அவங்க புரோகிராம்லதான். அப்படியே பதில் போட்டுடுங்க” என்றார் மேனேஜர்.

“கல்லுக்கு ஒரு கணக்கு, குழந்தைக்கு ஒரு கணக்கா சார்?”

அவள் பதில் போடவில்லை. தராசு ஒன்றை வரவழைத்து ஒன்பது நாள் அதோடு மாரடித்தாள். கல், புத்தகம், தண்ணீர் பாட்டில், மேனேஜரின் சாப்பாட்டு டப்பா. எதற்கும் பிழை வரவில்லை. எரிச்சலில் அதை வீட்டுக்கே தூக்கிப் போனாள். அங்கே தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

“கொஞ்சம் குடுடி.”

“என் புள்ள என்ன உன் ஆபீஸ் எலியாக்கா?” என்று முணுமுணுத்தபடியே தங்கை கொடுத்தாள்.

குழந்தை காலை உதைத்தது. பிழை. தூங்கியதும் வைத்தார்கள். நாலு கிலோ எழுநூறு. விழித்ததும் மறுபடி பிழை.

சோபாவிலேயே உட்கார்ந்து ஹெட்டரைத் திறந்தாள். ஒரு மதிப்பு எண்தானா என்று சோதிக்க அதில் மேக்ரோ என்கிற ஒரு சுருக்கக் குறிப்பு: தனக்குத்தானே சமமாக இல்லாதது எண் அல்ல. சமமா என்று பார்க்க, கொடுத்ததை அது இரண்டு இடத்தில் அப்படியே ஒட்டும். தராசுக்காரர்கள் கொடுத்திருந்ததோ ‘எடையைப் படி’ என்ற கட்டளை. ஆக எடை இரண்டு முறை படிக்கப்பட்டது. உதைக்கிற குழந்தைக்கு இரண்டும் ஒன்றாக வருமா? எண்ணே இல்லை என்று தள்ளிவிட்டது. கல் ஆடாததால் தப்பித்தது.

பழைய வெர்ஷனில் அது, கொடுத்ததை ஒரே முறை வாங்கிக்கொண்டு சோதிக்கும் ஒழுங்கான ஃபங்ஷனாகத்தான் இருந்தது. வேகம் வேண்டுமென்று மேக்ரோவாக மாற்றச் சொன்னவர் மேனேஜர். தலையாட்டி மாற்றியவள் அவள். பாதி எரிச்சல் தன் மேலேயே திரும்பியது.

திங்கட்கிழமை அதையும் அதே ரகத்தில் இன்னும் நாலையும் பழையபடி ஃபங்ஷனாக்கினாள்.

“ஒரு வரிக்கு ரெண்டு வாரமா?” என்றார் மேனேஜர். “அடுத்த வெர்ஷன்ல சேர்த்துக்கலாம்.”

“அஞ்சு வரி சார். அதுவரைக்கும் குழந்தைங்களை ஆடாம அசையாம படுக்கச் சொல்லி லெட்டர் போடட்டுமா?”

அன்று சாயங்காலமே திருத்தம் போனது. இரண்டு நாளில் தராசுகள் சரியாயின. நன்றிக் கடிதம் மேனேஜர் பெயருக்கு வந்தது. அதை அவளுக்கு அனுப்பியபோது மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நல்ல டீம் வொர்க்.’

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள்.