தாம்பூலப் பை வஜீஹா

வஜீஹாவிடம் புதுப் பை வாங்க முடியாது. வீட்டில் கிடக்கும் பழைய தாம்பூலப் பைகளைக் கொண்டுபோனால், இரண்டை ஒன்றாக்கி, உள்ளே அறைகள் வைத்துக் காய்கறிப் பையாகத் தைத்துத் தருவார். தக்காளிக்கு ஓர் அறை, முருங்கைக்காய் நிமிர்ந்து நிற்க ஓர் அறை. மணமக்கள் பெயர் அச்சடித்த பக்கம் உட்புறமாகப் போய்விடும்.

சமுதாயக் கல்லூரியில் சேரும்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. அதற்குமுன் பன்னிரண்டு வருடம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்தார். படிக்க ஆறு மாதம் லீவு கேட்டபோது முதலாளி சிரித்தார்.

"போய் ஓனர் ஆயிட்டு வாம்மா."

அந்தச் சிரிப்பை வஜீஹா மறக்கவில்லை.

கல்லூரியின் தொழில்முனைவோர் பயிற்சி தெருவில்தான் நடந்தது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதி ஓரம், ஒரு மேஜை, ஒரு தையல் மிஷின், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மூன்றாம் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள், ஏற்கெனவே வந்த வாடிக்கையாளர்களில் பத்துப் பேர் திரும்பி வந்தால் கல்லூரியின் மிஷின் ஒரு வருடத்துக்கு அவர் வீட்டில். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் அதே மாடி.

முதல் ஞாயிறு முப்பது புதுத் துணிப் பைகளோடு உட்கார்ந்தார். பிளாஸ்டிக்குக்குத் தடை, துணிப் பை பறந்துவிடும் என்ற நம்பிக்கை. கூட்டம் இடித்துக்கொண்டு போனது. ஒரு பைகூட விற்கவில்லை.

பயிற்சியாளர் கதிரேசன் அவரைவிட எட்டு வயது இளையவர். ஒரு தாளை நீட்டினார்.

"பத்துப் பேர்கிட்ட ஏன் வாங்கலன்னு கேட்டு எழுதிக்கினு வாங்கக்கா."

"இன்னா சார், மானம் போற வேலையா கீதே?"

"மானம் போனா திரும்ப வந்துடும்கா. கஸ்டமர் போனா வரமாட்டாங்க."

நான்காவதாக மாட்டியவர் கீரைக்கட்டோடு போய்க்கொண்டிருந்த விஜயலக்ஷ்மி மாமி.

"பையா? எங்காத்து லாஃப்டைத் திறந்தா தாம்பூலப் பைதான் தலைல விழறது! அதுல ஒரு ஜோடி டைவர்ஸே வாங்கிண்டாச்சு, பை மட்டும் கிழியலை. அதைத் தூக்கிண்டு கடைக்குப் போனா எல்லாரும் பேரைப் படிக்கறா."

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறோம் என்பது வஜீஹாவுக்குப் புரிந்தது.

"அடுத்த வாரம் அதெல்லாம் கொண்டாங்க மாமி. பேர் தெரியாம வேற ஒண்ணா பண்ணித் தரேன்."

இரண்டாம் ஞாயிறு மாமி பதினாறு பைகளோடு வந்தார். கூடவே அவருடைய அடுக்ககமே வந்தது. வஜீஹா அன்று மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பன்னிரண்டரைக்குள் ஒன்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பத்தாவதாக வந்தவர் மாமி. கையில் பை, அறுந்து தொங்கும் கைப்பிடி.

"என்னம்மா வஜீஹா! தக்காளியெல்லாம் குளத்தங்கரை வரைக்கும் உருண்டு ஓடித்து. ஆட்டோக்காரன் வேற, 'இன்னா மாமி, ரோட்லயே ரசமா?'ங்கறான்!"

கதிரேசன் பேனாவை எடுத்தார். "பத்து! திரும்பி வந்துட்டாங்கல்ல, அவ்ளோதான்."

வஜீஹா அந்தப் பேனாவைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். "திட்ட வந்தவங்கள எப்டி சார் எழுதறது? இருங்க."

பழைய துணி மெலிசு. அதில் கைப்பிடியை ஒற்றைத் தையலில் நிறுத்தியதுதான் தப்பு. உள்ளே தடித்த துணியை ஒட்டுக் கொடுத்து, சதுரமாகத் தையல் ஓட்டி, நடுவே பெருக்கல் குறி போட்டார். இரண்டு கைப்பிடிக்கும்.

"மத்தவங்க பையையும் வாங்கி இப்டியே போட்டுக் குடுக்கணும் சார்" என்றார், தலை நிமிராமல்.

ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. மாமி பக்கத்துத் தள்ளுவண்டியிலிருந்து ஒரு முழுப் பரங்கிக்காயைத் தூக்கிப் பைக்குள் இறக்கினார். தோளில் மாட்டி இரண்டு முறை குலுக்கினார். கைப்பிடி அசையவில்லை.

"இப்போ எழுதிக்கோப்பா" என்றார் கதிரேசனிடம்.

திங்கட்கிழமை காலை வஜீஹா தி. நகர் போனார். மாடி ஏறவில்லை.

"ஓனர் ஆயிட்டேன் சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

முதலாளி இந்த முறை சிரிக்கவில்லை. என்ன தொழில் என்று கேட்டார். கேட்டு முடித்ததும் கல்லாவுக்கடியில் துழாவி, கசங்கிய தாம்பூலப் பைகள் ஆறை எடுத்து வைத்தார்.

"எப்போம்மா தருவே?"

"ஞாயித்துக்கெழம மாட வீதிக்கு வாங்க சார். ஆனா வரிசையிலதான் நிக்கணும்."