வராத லொறிக்காக உருண்டவன்

பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் கட்டில் வேண்டும், கட்டிலுக்கு மேலே சேலைன் போத்தல் தொங்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் இப்படித்தான் நம்பியிருந்தேன். ஊசி, குழாய், வெள்ளைச் சட்டை, இவைதான் வைத்தியம், மற்றதெல்லாம் ஏமாற்று. இந்த மூடத்தனத்தையும் தூக்கிக்கொண்டுதான் போன கோடையில் முருகனிடம் போனேன்.

எர்லாங்கனில் ஒரு கன்டீன் சமையலறையில் வேலை செய்கிறேன். பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறவன் யூசுப், சூடான்காரன். எங்கள் இருவருடைய ஜெர்மனையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஜெர்மன் வரும். அவனுடைய மனைவியும் இரண்டு வயது மகள் ஆமினாவும் சண்டையில் இடம்பெயர்ந்து அங்கே ஒரு முகாமில் இருக்கிறார்கள். அவர்களை இங்கே கூப்பிட அவன் போட்ட அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எந்த அலுவலக மேசையில் தூங்குகிறதோ தெரியாது.

ஒரு திங்கட்கிழமை கைபேசியை என்னிடம் நீட்டினான். பிள்ளையின் மேற்கை. என் பெருவிரலைவிடக் கொஞ்சம்தான் மொத்தம். அதைச் சுற்றி ஒரு அளவு நாடா, சிவப்பில் நின்றது. பச்சையென்றால் சுகம், மஞ்சளென்றால் கவனம், சிவப்பென்றால் பட்டினியில் உயிருக்கே ஆபத்தாம்.

"எந்த ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்?"

"ஆஸ்பத்திரி இல்லை, ப்ரூடர். பக்கத்துக் கூடாரத்து மரியம்தான் அளந்து பார்த்தவ. கிளினிக்கில காட்டினவை, திருப்பி அனுப்பிட்டினம். கச்சான் பசை குடுத்திருக்கினம். கிழமைக்கொருக்கா மரியம் அளப்பாவாம்."

கச்சான்! நிலக்கடலை! திருவிழாவுக்குப் போய் வரும்போது கொறித்துக்கொண்டு வருகிற சாமான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கா?

எனக்கு விசர் பிடித்தது. யூசுப் அழுதான், நான் அவனைவிடச் சத்தமாக அழுதேன். நிவாரண அலுவலகங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். பாட்டு, பிறகு காத்திருங்கள், பிறகு அதே பாட்டு. கடைசியில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னார்: காய்ச்சல், வீக்கம் இல்லை, பிள்ளை அந்தப் பசையை ஆசையாகச் சாப்பிடுகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. அந்தப் பசைக்குள் பால்மா, எண்ணெய், சத்து எல்லாம் இருக்கிறது. "கட்டில் இல்லையென்று நேரடியாகச் சொல்லுங்கோ!" என்று கத்திவிட்டு வைத்தேன். உலகத்தில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தானே.

யூசுப்பின் தலைக்குள்ளும் அந்தப் பயத்தை ஏற்றினேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகச் சொல்லு என்று நாளுக்கு நாலு தரம் நெருக்கினேன். தாய் ஒரு லொறியில் இடம் பிடித்தாள். வியாழக்கிழமை புறப்பாடு. நான் நேர்த்தி வைத்தேன்: முருகா, அந்த லொறி வரட்டும், கட்டில் கிடைக்கட்டும், உன் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை அடிக்கிறேன்.

வியாழன் லொறி வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அந்த நாட்களில் நான் சீவிய உருளைக்கிழங்கெல்லாம் கச்சான் அளவுக்கு வந்துவிட்டதாகச் சமையல்காரர் முறைப்பட்டார். வீட்டில் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதை நிறுத்தினேன்.

"இஞ்சேருங்கோ, முருகனோட கோவமெண்டா அவரோட கதையுங்கோ. என்ரை தலையில ஏன் கத்துறியள்?" என்றாள் மனைவி வசந்தா.

"அவர் ஒரு லொறியைக்கூட அனுப்ப ஏலாத ஆள். அவரோட என்ன கதை?"

மறுநாள் யூசுப் கையைத் துடைக்காமலே வந்தான்.

"ப்ரூடர், லொறி வாறதெண்ட அந்த முதல் வியாழன் பட்டணத்து ரோட்டில சண்டை. போன வண்டி ஒண்டும் திரும்பேல்லையாம்."

உருளைக்கிழங்கு மூட்டையில் குந்திவிட்டேன். நான் கேட்ட லொறி. நான் அழுது, கெஞ்சி, பேரம் பேசிக் கேட்ட அதே லொறி.

பாதை அடைபட்டதால் கிளினிக்கும் பூட்டு. ஆனால் மரியத்தின் கூடாரத்தில் ஒரு மாதத்துக்கான பசைப் பைக்கற்றுகளை முன்பே இறக்கி வைத்திருந்தார்கள். அவள் தாதியில்லை, அவளும் ஒரு இடம்பெயர்ந்த தாய், அளக்கவும் கொடுக்கவும் கிளினிக்கில் பழக்கிவிட்டவள். பாதை திறக்கும்வரை ஆமினா அதைத்தான் நக்கித் தின்றாள்.

நாடா மஞ்சளுக்கு வந்த அன்று வசந்தாவிடம் நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன்.

"லொறிக்கோ பிள்ளைக்கோ நேந்தனீங்கள்?"

"லொறிக்கு."

"அப்ப தப்பிட்டியள். லொறிதான் வரேல்லையே."

தப்பவில்லை. இங்கத்தைய முருகன் கோயில் தேரன்று இந்த வயிற்றோடு சுடுகிற தார் ரோட்டில் உருண்டேன். பாதி வழியில் சுவாமியைவிட என்னைப் பார்க்கத்தான் சனம் கூடியது. லொறியை அனுப்பாததற்காக உருண்டேன்.

கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒரு பிள்ளை ஏன் அந்தச் சிவப்புக்குப் போக வேண்டும் என்று இப்போதும் முருகனைக் கேட்கிறேன். ஆனால் அவனுக்கு வழி சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் ஏதாவது லொறி வராமல் இருக்கலாம். சண்டை பிடியுங்கள், அழுங்கள்; விளக்கை மட்டும் என்னைப்போல் அணைத்துவிடாதீர்கள்.

யூசுப்பின் அன்ட்ராக் இன்னும் தூங்குகிறது. தாயும் பிள்ளையும் இன்னும் முகாமில்தான். ஆமினா ஒன்பது கிழமை கச்சான் பசை தின்றாள். ஒன்பதாவது கிழமை மரியம் அளந்தபோது நாடா பச்சையில் நின்றது.