இரட்டைக் கம்பியில் பத்து எண்ணும் நேரம்

சனிக்கிழமை காலை 8.20. ரொக்ஸ்பரோ நிலையத்தில் ஏறினோம். சாரதியில்லாத ரயில்; ஏறும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டுவிட்டுத்தான் உட்காருவேன். பக்கத்தில் என் மனைவி யோகம் வலது மணிக்கட்டைத் தடவியபடி இருந்தாள்.

பனியில் சறுக்கி விழுந்து முறிந்த கை அது. அதனால் போன தேர்த் திருவிழாவில் அவள் அடியழிக்கவில்லை. மூன்று அடிக்கொருமுறை விழுந்து கும்பிட்டு, கையூன்றி எழுந்து கோயிலைச் சுற்றிவரும் நேர்த்தி அது. கை உடற்பாரத்தைத் தாங்கினால் செய்யலாம் என்றார் வைத்தியர். அதற்காகவே உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். இன்று ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட்டில் அந்த வகுப்பினரின் காட்சி. பக்கம் பக்கமாக நிற்கும் இரட்டைக் கம்பிகளில் கையூன்றி, கால் நிலம் தொடாமல், பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். பழகும்போது ஏழு எண்ணிக்கையைத் தாண்டியதில்லை.

எதிரே, கோயிலில் பழகிய மட்டக்களப்புத் தம்பி ஒருவர். எங்கே போகிறோம் என்று சொன்னேன்.

"என்ன அக்கா, இந்த வயசில குத்துக்கரணம் அடிக்கப் போறீங்களா?"

"ஓம் தம்பி. விழுந்தா பிடிக்க ஆள் வேணும், வாறீரே?"

அவர் சிரித்துக்கொண்டு நகர நடுவில் இறங்கிவிட்டார். அதற்குப் பேந்து பெரிய ஆறு, பாலம், புரோசார்ட். அங்கிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம். மண்டப நுழைவு ஐந்து டொலர், கோப்பி இரண்டு டொலர்.

பயிற்சி கொடுப்பவர் ஹில்டா அம்மா. இந்தக் கம்பிகள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டேன். அவருடைய முன்னோர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டிக்குக் குடியேறியவர்களாம். அந்த நாளில் அங்கே வந்த ஜெர்மன்காரர் ஊரூராக மண்டபம் கட்டி, கம்பியும் வளையமும் பூட்டிப் பழகினார்களாம். பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகளுக்கே பிறகு பள்ளிக்கூடங்களில் அதைப் படிப்பித்தார்களாம். நாங்கள் இங்கே வந்ததும் பிள்ளையாரை வைக்க ஒரு மண்டபம் தேடி அலைந்தது நினைவுக்கு வந்தது.

10.40. யோகத்தின் முறை. கை வழுக்காதிருக்க வெள்ளை மாவை அள்ளினாள். அள்ளிய கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய் மூன்று குறி இழுத்தது. ஹில்டா அம்மா கம்பியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு விலகினார். தன் பாட்டனாரின் மண்டபத்தில் எண்ணியதுபோல ஜெர்மன் மொழியில் எண்ணத் தொடங்கினார்.

ஏழு. நான் கண்ணை மூடிவிட்டேன். எட்டு. ஒன்பதைச் சபையும் சேர்ந்து இந்த ஊர்ப் பிரெஞ்சில் எண்ணியது. பத்து. கண்ணைத் திறந்தேன். அவள் இறங்கவில்லை. பன்னிரண்டு வரை நின்று, இரண்டு காலிலும் நேராக இறங்கினாள். மண்டபமே எழும்பிக் கை தட்டியது.

திரும்பும் ரயிலில் முருகனுக்கு நன்றி சொன்னேன். கம்பியைக் கடல் கடந்து கொண்டுவந்த, முகம் தெரியாத அந்த ஜெர்மன்காரருக்கும் மனதில் ஒரு கும்பிடு போட்டேன். யோகம் நெற்றி மாவைத் துடைக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் கேட்டாள்:

"தேருக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கு?"

"ஏன்?"

"அந்தப் பழைய நூல் சேலையைத் தேடி எடுத்து வையுங்கோ. மண்ணில விழுந்து எழும்பப் புதுசு சரிவராது."